முப்பத்தொன்றுக்கு எடுக்க வேண்டிய படம்

கொக்குவில்,
14.02.2025

அன்புள்ள மகளுக்கு,

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் நீ என்னிடம் ஒன்று கேட்டிருந்தாய். குழந்தையை வீட்டிலேயே வைத்து நல்லபடி படம் எடுக்க முடியுமா, அல்லது கூடையும் பூவளையமும் கொண்டு வீட்டுக்கு வரும் படப்பிடிப்பாளர் எவரையாவது ஒழுங்கு செய்வதா என்று கேட்டாய். ஆறுதலாகச் சொல்கிறேன் என்று நானும் விட்டுவிட்டேன். தொலைபேசியில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒன்பது நாளாக நீ அழைக்கவில்லை, நாங்கள் அழைத்தால் மருமகன்தான் கதைக்கிறார், நீ படுத்திருப்பதாகச் சொல்கிறார். படுத்திருப்பது நல்லதுதான். ஆகவே கையால் எழுதி, பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புகிறேன். என் கையெழுத்தைச் சிரமமில்லாமல் வாசிக்கிறவள் நீ ஒருத்திதானே.

படப்பிடிப்பாளர் வேண்டாம். முப்பத்தைந்து வருடம் இந்தத் தொழிலில் நின்றவன் இப்படிச் சொல்வது தொழிலுக்குத் துரோகம் போல இருக்கலாம், ஆனாலும் வேண்டாம். பிள்ளை இரண்டு கைகளிலும் நாடியை ஊன்றிக்கொண்டு தவளைபோல உறங்கும் படங்களை நீ எனக்கு அனுப்பியிருந்தாய். அவை ஒரே தடவையில் எடுத்த படங்கள் அல்ல. ஒருமுறை தலையை ஒருவர் பிடித்திருக்க எடுத்து, மறுமுறை மணிக்கட்டுகளைப் பிடித்திருக்க எடுத்து, இரண்டையும் கணினியில் ஒட்டிவிட்டுப் பிடித்திருந்தவரின் கையை அழித்துவிடுவார்கள். கழுத்து நிற்காத பிள்ளையை அப்படி வைத்துப் பார்க்க வீட்டில் ஒருவரும் முயலக் கூடாது. மருமகனிடமும் சொல்லி வை. முதல் இரண்டு கிழமைக்குள் எடுத்தால்தான் வயிற்றுக்குள் கிடந்ததுபோலச் சுருண்டு உறங்கும் என்பார்கள். அந்த நாட்கள் போய்விட்டனவே என்று கவலைப்படாதே. கண் விழித்துப் பார்க்கத் தொடங்கிய பிள்ளையைப் படம் எடுப்பதுதான் மெய்யான வேலை.

தெருப்பக்கத்து யன்னல் வடக்கைப் பார்த்தது என்று மருமகன் முன்னொரு தடவை சொன்னார். அங்கே இந்த மாதங்களில் சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால் அந்த யன்னலுக்குள் நேர்வெயில் விழாது. வெளியே கொட்டிக் கிடக்கும் பனியில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சமோ வெள்ளைத் துணியால் வடித்ததுபோல இருக்கும். இங்கே அப்படியொரு வெளிச்சத்துக்காக நான் ஸ்டூடியோக் கூரையின் ஓடுகளைக் கழற்றிக் கண்ணாடி போட்டவன் என்பது உனக்குத் தெரியும். யன்னலிலிருந்து இரண்டு அடி தள்ளி மெத்தையைப் போட்டு, பிள்ளையின் தலை யன்னல் பக்கம் சற்றுச் சரிந்திருக்கும்படி கிடத்து. வெளிச்சம் நெற்றியில் பட்டு, மூக்கு வழியாக நாடிக்கு இறங்க வேண்டும். கால்மாட்டிலிருந்து வந்தால், சின்ன வயதில் நீ டோர்ச் லைற்றை நாடிக்குக் கீழே பிடித்துப் பேய் காட்டுவாயே, அந்த முகம்தான் வரும். அறை விளக்கை அணைத்துவிடு. மஞ்சள் விளக்கும் யன்னல் வெளிச்சமும் கலந்தால் ஒரு கன்னம் மஞ்சளாகவும் மற்றது நீலமாகவும் விழும். ஐந்தாம் நாள் நீ அனுப்பிய படத்தில் பிள்ளை மஞ்சளாக இருக்கக் கண்டு, செங்கமாரியோ என்று அம்மா அன்றிரவு முழுவதும் உறங்கவில்லை. மேசை விளக்கின் வேலை அது என்று நான் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. வெளிச்சம் படாத பக்கத்தில் ஒரு கதிரையில் வெள்ளைத் துவாயை விரித்துவிட்டால் நிழல் இளகும். பச்சைப் போர்வை வேண்டாம், அதன் நிறம் நாடிக்குக் கீழே ஏறிவிடும். உடுப்பைக் கழற்றுவதானால் அறை நன்றாகச் சூடாக இருக்க வேண்டும், ஆனால் ஹீற்றரைப் பிள்ளைக்குப் பக்கத்தில் இழுத்து வைக்காதே. எல்லாவற்றுக்கும் முதல் போனின் கண்ணாடியைத் துடை. எண்ணெயும் பாலும் பட்ட விரல் பட்டுப் பட்டு, உன் கடைசிப் படங்கள் எல்லாம் புகை மூடியதுபோல இருக்கின்றன. பருத்தித் துணியால் துடை.

குறை சொல்வதாக நினைக்காதே. முதல் வாரம் நீ அனுப்பிய படங்களில், மணிக்கட்டில் தோல் மெல்லிய தாளாக உரிந்து நிற்கும் அந்த ஒன்றை நான் இதுவரை எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, அந்த 31 கழியும் முன்னர் ஊருக்கெல்லாம் காட்டி நாவூறு படுத்துகிறேன் என்று மாமி ஏசினாள், நான் கேட்கவில்லை. ஒன்பது வயதில், இடம் வலம் மாறித் தெரியும் என் யாஷிக்கா கமெராவின் கண்ணாடிக்குள் குனிந்து, நல்லூர்த் தேரை விட்டுவிட்டுச் சிதறுதேங்காய் அடிப்பவனின் கையை எடுத்தவள் நீ. உனக்குக் கண் இருக்கிறது. பிறகு ஏன் பொறியியல் படித்தாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தக் கண்ணால்தான் உன் படங்களை நானும் பார்க்கிறேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டொக்யுமென்ற் ஆக அனுப்பு என்று உனக்குச் சொல்லித் தந்தவன் நான். அப்படி அனுப்பும்போது எடுத்த நேரமும் கூடவே வரும் என்பதை நீ மறந்திருப்பாய். விடியப்புறம் 2.40, 3.10, 4.05. பால் கொடுக்க எழும்புகிறவள் எடுத்திருப்பாள் என்று அம்மாவுக்குச் சொன்னேன். முதல் வாரத்துப் படங்களில் தோளின் பூனைமயிர் தெரிந்தது. இரண்டாம் வாரத்தில் பிள்ளைக்கு முன்னால் தொட்டிலின் கம்பிகள் வந்தன. கடைசியாக வந்த ஏழு படங்களிலும் வலது ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு நிற்கிறது; அது கதவுநிலை. நீ ஏன் கதவடியில் நிற்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கிட்டப் போய் எடுத்தால் படம் நன்றாக வரும் என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்று. வந்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் ஒன்றிலாவது நீ இல்லை. மருமகன் இருக்கிறார், மருமகனின் தாயார் இருக்கிறார், ஏதோ பஞ்சுக் கரடி கூட இருக்கிறது. வீடியோவில் கதைத்தாலும் கமெரா பிள்ளையின் பக்கம் திரும்பியே இருக்கிறது. குளிருக்குள் நீங்கள் வர வேண்டாம், நாங்கள் சமாளிப்போம் என்று மார்கழியில் சொன்னவள் நீதான். அம்மா பிள்ளை பெற்றவளுக்கான சரக்குத்தூள் இடித்து, பெட்டியும் அடுக்கி வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அதை நான் இப்போது பெரிதாக எடுக்கவில்லை.

படமெடுக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், கேள். பிறந்த பிள்ளைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிகிற தூரம் எட்டு அங்குலம் முதல் பன்னிரண்டு அங்குலம் வரைதான். அதற்கு அப்பால் எல்லாம் அதற்கு மங்கல். பால் குடிக்கும் பிள்ளையின் கண்ணுக்கும் தாயின் முகத்துக்கும் இடையில் உள்ள தூரம் அது. போனை அந்தத் தூரத்தில் பிடித்தால் மூக்குப் பெருத்துத் தலை சிறுத்துவிடும். ஆகவே பிள்ளையின் பார்வையைப் படத்தில் பிடிக்க வேண்டுமானால், அந்த எட்டு அங்குலத்தில் ஒரு முகம் இருக்க வேண்டும், படம் எடுக்கிறவர் எட்ட நிற்க வேண்டும். நீ யன்னலோரம் கதிரையில் இருந்து பிள்ளையை ஏந்திக்கொள். மருமகன் ஆறு அடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு என்று இருப்பதைத் தொட்டு, பிள்ளையின் கண்ணில் விரலை வைத்து எடுக்கட்டும். தலை இழுத்திருக்க வேண்டும் என்றில்லை. பழைய சட்டை என்றாலும் பரவாயில்லை. அடுத்த கிழமை 31 வருகிறது. துடக்குக் கழித்து, பிள்ளைக்குப் பஞ்சாயுதப் பதக்கம் போட்டு எடுக்கும் படத்தில் நீ இருக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு எழுந்துபோய், முன் அறையில் மாட்டியிருக்கும் உன் படத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அதன் இடது ஓரத்தில் உன் தலையைத் தாங்கிக்கொண்டு நான்கு விரல்கள் இருக்கின்றன. முதலாம் வகுப்புக்குப் போகிற காலத்தில் அது யாருடைய கை என்று நீ கேட்டாய். மாமியின் கை என்று சொன்னேன். மாமியும் ஓம் என்றாள். அது அம்மாவின் கை.

1993 ஆவணியில் நீ பிறந்தபோது ஊரில் மின்சாரம் இல்லாமல் மூன்று வருடம் ஆகியிருந்தது. யுத்தத்தால் பற்றரி தடைப் பொருள். பிலிமோ கிளாலிக் கடலைத் தாண்டி வருகிற யாராவது பைக்குள் வைத்துக் கொண்டுவந்தால்தான் உண்டு. திகதி கடந்த ஒரு 120 றோல், 12 படம். ஒன்பதை அடையாள அட்டைக்கு வந்தவர்களுக்கு எடுத்து, மூன்றை உனக்கென்று மிச்சம் பிடித்தேன். யாஷிக்கா மூன்றேகால் அடிக்குக் கிட்டப் போகாது; உன்னை ஏந்தியிருந்த அம்மாவும் படத்துக்குள் வந்தாள். அன்று உனக்கு 24 நாள். ஒரு செக்கனின் பதினைந்தில் ஒரு பங்கு திறக்க வேண்டிய வெளிச்சம் என்பதால் அசையாதே என்றேன். அவள் அசையவே இல்லை. அசையாமல் இருப்பது அந்த நாட்களில் அவளுக்குக் கடினமாக இருக்கவில்லை.

அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் அச்சுப் போட்டேன். தட்டுக்குள் தாள் மெல்லக் கறுத்து வர, முதலில் தெளிந்தது உன் முகம் அல்ல, அவளுடைய கண்கள். அவை உன்னையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அப்பம்மாவும் ஊரும் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாக இருந்தது என்பதை அன்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. தாள் காய்ந்ததும் கத்தரிக்கோலை எடுத்து அவளை வெட்டினேன். விரல்களையும் வெட்டியிருப்பேன், வெட்டினால் உன் தலையும் சேர்ந்து போயிருக்கும். மற்ற இரண்டு படங்களிலும் அதையே செய்தேன். நெகற்றிவ் இருக்கிறதுதானே, பிறகு ஒருநாள் முழுதாகப் போடலாம் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, ஊரே இடம்பெயர்ந்தபோது, மழைக்குள், உன்னையும் கமெராவையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினோம். நெகற்றிவ் இருந்த பிஸ்கற் தகரம் இருட்டறையில் இருந்துவிட்டது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது தகரம் வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே மழைத் தண்ணீர் புகுந்து, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டிருந்தது. உன்னையும் அம்மாவையும் சேர்த்து எடுத்த முதல் படம் அதற்குள் போய்விட்டது.

அவள் எட்டு மாதம் அப்படியே இருந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், குளி என்றால் குளித்தாள், நீ அழுதால் உன்னைத் தூக்கிப் பால் கொடுத்துவிட்டுக் கிடத்தினாள். 31 கழிந்தால் சரியாகும் என்றேன். பிறகு கோயிலுக்குப் போய்வந்தால் சரியாகும் என்றேன். ஊரெல்லாம் தாய்மார் பிள்ளை பெறவில்லையா என்று ஒருநாள் கத்தியும் விட்டேன். பெரியம்மா கரவெட்டியிலிருந்து சைக்கிளில் வந்து, இரவில் உன்னைத் தன் பக்கத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, நீ படடி என்று அவளுக்குச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. நாள் முழுக்க ஆட்களின் முகத்தைப் பார்த்துச் சம்பாதித்தவன் நான், பிள்ளை.

இப்போது இங்கே மிட்வைஃப் வீட்டுக்கு வந்தால் பிள்ளையின் நிறையை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. பக்கத்து வீட்டு மருமகளிடம் போன மாதம் 10 கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். உறக்கம் எப்படி, அழுகை வருகிறதா, பயமாக இருக்கிறதா, இப்படியான கேள்விகள். அங்கேயும் கேட்பார்கள். கேட்டால் சும்மா நன்றாக இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடாதே. கேட்காவிட்டால் நீயாகப் போய்ச் சொல். மருமகனுக்கும் ஒரு கடிதம் எழுதலாமா என்று யோசிக்கிறேன். நீ வேண்டாம் என்றால் எழுத மாட்டேன். பெட்டியைத் திரும்ப அடுக்க அம்மாவுக்கு அரை நாள் போதும்.

கை பற்றி எழுதிய இந்தப் பக்கத்தை அம்மாவுக்கு நான் இன்னும் வாசித்துக் காட்டவில்லை. நீ அவளிடம் கேட்டால் அவள் சொல்லக்கூடும். இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. உனக்கு விடியப்புறம் 3 மணி என்றால் எங்களுக்குப் பகல் ஒன்றரை. சாப்பாடு முடிந்து, நான் உள்ளே படுத்துவிட, அம்மா விறாந்தையில் காலை நீட்டிக்கொண்டு சும்மா இருக்கும் நேரம் அது. போன் அவளுடைய மடியில்தான் கிடக்கும். அந்த நேரத்தில் அவளுக்கு அழை. கமெராவைப் பிள்ளையின் பக்கம் திருப்ப வேண்டாம்.

அன்புடன்,
அப்பா