கொலாஜன் டப்பாவைத் திறக்கும் முன்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பாதி சம்பந்தி வீட்டுப் புராணம், மீதி நகப் புராணம். சம்பந்தி விஷயத்தில் நான் வாயைத் திறக்க மாட்டேன். நாளைக்கே நீங்கள் ராசியாகிவிடுவீர்கள், நடுவில் நான்தான் கெட்டவள் ஆவேன். நகத்தைப் பற்றிப் பேசுகிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அந்த உரிமையாவது இருக்கட்டும்.

மகள் வாங்கி அனுப்பிய கொலாஜன் பவுடரைக் குடித்தால் நகம் உடைவது நிற்குமா, முகம் பளிச்சென்று ஆகுமா என்று கேட்டிருக்கிறாய். முதல் விஷயம், நகம் கொலாஜனால் ஆனதே இல்லை. அது கெரட்டின் என்ற வேறொரு புரதம். முடி, மாட்டுக் கொம்பு எல்லாம் அந்த வகைதான். கொலாஜன் இருப்பது தோலில், எலும்பில், தசைநாணில், மூட்டுக் குருத்தெலும்பில். உடம்பில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. நகத்துக்கு அடியில் இருக்கும் தோலில் உண்டு, நகத்தில் கிடையாது. டப்பாவின் மேல் அழகழகான விரல்களைப் படம் போடுகிறவர்கள் இதை மட்டும் சொல்வதில்லை.

அதற்காக நகத்துக்கு ஒன்றும் செய்யாது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. 2017-இல் பிரேசிலில் ஒரு ஆய்வு வந்தது. தினம் இரண்டரை கிராம் கொலாஜன் பெப்டைடு, அதாவது சின்னச் சின்னத் துண்டாக வெட்டிய கொலாஜன், 24 வாரத்துக்கு. நகம் வளரும் வேகம் 12 சதவீதம் கூடியது, உடைவது 42 சதவீதம் குறைந்தது என்று கண்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கலந்துகொண்டது வெறும் 25 பேர். ஒப்பிட்டுப் பார்க்க, பெயருக்கு ஏதோ ஒரு பவுடரைக் கொடுத்து வைத்த இன்னொரு குழு அதில் இல்லவே இல்லை. நகத்துக்கென்று ஒரு பவுடர் குடிக்கிறவள் அந்த ஆறு மாதமும் நகத்தைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்ள மாட்டாளா? எது பவுடரால் வந்தது, எது கவனத்தால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது? இன்னொன்று, கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழு நகம் புதிதாக வர ஆறு மாதம் ஆகும். எதிர்வீட்டு அம்மாள் மூன்றே வாரத்தில் நகம் உறுதியாகிவிட்டது என்றாளாமே, அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

தோலுக்கு இதைவிடக் கொஞ்சம் நல்ல ஆய்வுகள் உண்டு. 2014-இல் ஜெர்மனியில் 35 முதல் 55 வயது வரையுள்ள 69 பெண்களை வைத்துச் செய்ததில், எட்டு வாரத்தில் தோலின் நெகிழ்வு கூடியிருந்தது. இதில் ஒப்பிட ஒரு குழுவும் இருந்தது. அப்புறம் நிறைய வந்தன. 2025-இல் 23 ஆய்வுகளை, மொத்தம் 1,474 பேரை, ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஈரப்பதம், நெகிழ்வு, சுருக்கம் மூன்றிலும் முன்னேற்றம். கம்பெனிப் பணம் வாங்காத ஆய்வுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அந்த முன்னேற்றம் காணாமல் போய்விட்டது! தரமான ஆய்வுகளை மட்டும் பார்த்தாலும் அதே கதை. அதைப் படித்த பிறகு எனக்கு இந்தப் பவுடர் மேல் இருந்த கொஞ்சநஞ்ச ஆசையும் போய்விட்டது.

நீ குடிக்கும் கொலாஜன் நேராகப் போய்க் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளாது, தெரியுமில்லையா? வயிறும் குடலும் அதை அமினோ அமிலமாக வெட்டிவிடும். சில சின்னத் துண்டுகள் வெட்டுப்படாமல் ரத்தத்தில் சேர்வது உண்மை. அவை தோல் செல்களைத் தட்டி எழுப்புகின்றன என்று விற்பவர்கள் சொல்வதற்குத்தான் ஆதாரம் போதவில்லை.

டப்பாவில் எந்த மூலத்திலிருந்து என்று போட்டிருக்கிறது, பார்த்தாயா? மாட்டுத்தோல், மீன் தோல், மீன் செதில் இவற்றிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். புரட்டாசியில் முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவள் நீ. அந்த மாதம் என்ன செய்வாயாம்? மற்ற மாதங்களில் அதே சரக்கு ஆட்டுக்கால் பாயாவிலும் இருக்கிறது, ருசியாகவும் இருக்கும்.

நம் ஊர்க்காரியாக இருந்துகொண்டு கொலாஜன் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது. கொலாஜன் என்பது மூன்று இழை முறுக்கிய அமைப்பு என்று முதலில் சொன்னவர்கள் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். 1954-இல் கிண்டியில் உட்கார்ந்து கண்டுபிடித்தது. ஆராய எடுத்தது கங்காரு வாலின் தசைநாண். கொடுத்தது பக்கத்திலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்னப் பெருமை. அந்த முறுக்கு கெட்டியாக நிற்க வைட்டமின் சி வேண்டும். அது அடியோடு இல்லாமல் போனால் ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி வரும். உன் கொல்லையில் கொய்யா மரம் நிற்கிறது. நெல்லிக்காய் சந்தையில் கொட்டிக் கிடக்கிறது. வைட்டமின் சி சேர்த்த பவுடர் என்று அதற்குத் தனியாகக் காசு கொடுக்காதே.

சரி, உன் நகத்துக்கு வருகிறேன். பவுடருக்கு முன்னால் ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைச் சொல்லும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். மூன்றும் பார்த்துவிடு. இரும்புச்சத்து குறைந்தாலும் நகம் உடையும், சில பேருக்கு நடுவில் குழிந்து கரண்டி போல ஆகும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாம் அந்த வயதைத் தாண்டிவிட்டோம்தான், ஆனால் வருஷக்கணக்கில் கடைசியாகச் சாப்பிட்டு எழுந்த பழக்கம் எங்கே போகும்? நீ தைராய்டு மாத்திரை வேறு போடுகிறவள். அதன் அளவு சரியில்லை என்றாலும் நகம் இப்படி ஆகும்.

இதில்தான் ஒரு வில்லங்கம் இருக்கிறது, கவனமாகப் படி. இந்தப் பவுடர்கள் பலவற்றில் பயோட்டின் என்ற பி வைட்டமினைக் கலந்திருப்பார்கள். அதிக அளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில பரிசோதனைகளின் முடிவே மாறி வரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-இலேயே எச்சரித்திருக்கிறது. டி.எஸ்.எச். உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். டாக்டர் அதை நம்பி மாத்திரையைக் குறைத்துவிட்டால் என்ன ஆவது? ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடு, இந்தப் பவுடர் குடிக்கிறேன் என்று டாக்டரிடமும் பரிசோதனைக் கூடத்திலும் சொல்லிவிடு. யாரும் தாமாகக் கேட்க மாட்டார்கள்.

மற்றபடி, நாள் முழுக்கச் சோப்புத் தண்ணீரில் கை ஊறுவதுதான் நகத்துக்குப் பெரிய எதிரி. கையுறை போட்டுத் தேய். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவு. பாலிஷ் அழிக்கும் அந்த நெடி பிடித்த திரவத்தை விடு. முகத்துக்கு வெயில்தான் எதிரி, குடை பிடி. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருஷத்தில் தோலின் கொலாஜன் சுமார் 30 சதவீதம் குறையும் என்கிறார்கள். ஆக, சுருக்கம் உனக்கு மட்டும் வந்த சோதனை இல்லையடி, எனக்கும்தான்.

வாங்கிய டப்பாவைக் கொட்ட வேண்டாம், மகள் மனசு கஷ்டப்படும். குடித்து முடி, ஆனால் இன்னொன்று அனுப்பாதே என்று சொல்லிவிடு. உன் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் கூடியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். தமாஷுக்குக்கூட அவருக்கு அதில் ஒரு ஸ்பூன் கலந்து கொடுக்காதே.

இங்கே மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் சமையலறைத் தூசியெல்லாம் அவர் கண்ணில் படுகிறது. ஸ்டெல்லா வீட்டை விற்றுவிட்டுப் பாளையங்கோட்டைக்கே போய்விட்டாள், உன் புது நம்பரைக் கேட்டாள், கொடுத்தேன். ரிப்போர்ட் வந்ததும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. மூலையில் அச்சாகியிருக்கும் இயல்பு அளவுகளும் தெரியும்படி எடு, போன தடவை பாதியை வெட்டிவிட்டு அனுப்பினாய்.

அன்புடன்,
ராஜி