எருக்குழியில் கிடந்த பை

அன்புள்ள சேகர்,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, திட்டாதே. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து இப்போது பேப்பர் படிக்கிறார். உன் பெயர் வந்திருக்கிறதா என்று தேடுகிறார், போலீஸ் செய்தியில்!

சரி, விஷயம் இதுதான். போன தையில் ஒரு கட்டுப் பை கொடுத்தாயே, மரவள்ளி மாவில் செய்தது, மண்ணில் போட்டால் மக்கிவிடும் என்று? ஒன்றை எருக்குழியில் போட்டு வைத்தேன். நேற்று எரு அள்ளும்போது மண்வெட்டியில் மாட்டி வந்தது. கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது, அவ்வளவுதான். காது கூட அறவில்லை. நம் கணக்கு வாத்தியார் பிரம்பு மாதிரி அப்படி ஒரு உறுதி.

சின்னவள் வேதியியல் படிக்கிறாள் அல்லவா, அவள்தான் விளக்கினாள். இந்த மாதிரிப் பைகளில் மாவோடு பெரும்பாலும் பிபிஏடி என்று ஒன்றைக் கலக்கிறார்களாம். அதுவும் பெட்ரோலியச் சரக்குதான். மக்கும் என்ற சான்றிதழுக்குச் சோதனை 58 டிகிரிச் சூட்டில், 180 நாள் வரை. நம் எருக்குழியில் அந்தச் சூடு ஏறினாலும் எத்தனை நாள் நிற்கும்?

இதை நம்பித்தானே கீழ்க்காடு நாலு ஏக்கரிலும் மரவள்ளி போடச் சொன்னாய்? பத்து மாதம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும், மண்ணில் உள்ள சாம்பல் சத்தை, அதுதான் பொட்டாஷை, உறிஞ்சிவிடும். மாவுப்பூச்சி வந்தால் மருந்துச் செலவு வேறு. போடுகிற யூரியா எரிவாயுவிலிருந்து வருகிறது, டிராக்டர் டீசலில் ஓடுகிறது. எண்ணெயை வாசலில் விரட்டிவிட்டுக் கொல்லையில் விருந்து வைக்கிற கதை. கிழங்கு அரைக்கிற ஆலைத் தண்ணீர் ஓடையில் கலந்து நாறியதை நீயும்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டியிருக்கிறாய்.

அதற்காகப் பழைய கேரிபேக்கே தேவலை என்று சொல்லமாட்டேன். மொட்டையின் பசு செத்தபோது வயிற்றிலிருந்து வந்த பிளாஸ்டிக் சுருளை நாம் இரண்டு பேரும் பார்த்தோம். அன்று அவன் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. 2019-இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தபோது நான்தான் முதலில் மஞ்சப்பையைத் தூக்கினேன். உதிர்ந்த பாக்கு மட்டையைப் பொறுக்கித் தட்டு செய்கிறார்களே, அதிலும் எனக்குச் சண்டையில்லை. ஒருமுறை தூக்கிப்போடுகிற பைக்காக நல்ல காட்டை உழச் சொல்வதுதான் மனசுக்கு ஒப்பவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

கீழ்க்காட்டில் கடலைதான் போடப் போகிறேன். உன் பையைக் கழுவிக் காயப்போட்டிருக்கிறேன். வரும்போது கடலையை அதிலேயே கட்டித் தருகிறேன், தாங்கும்.

உன்,
ராஜு