தோட்ட டிஸ்பென்சரியை எப்போதுதான் அரசாங்கம் எடுக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழு மாதக் கர்ப்பிணியான என் தங்கை போன வாரம் கிளினிக்குக்காக ஒரு நாள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை. விடியக்காலையில் ஓட்டோ பிடித்து டவுனுக்குப் போய், வரிசையில் நின்று, நர்ஸ் சிங்களத்தில் சொன்னதைப் பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் தமிழில் சொல்ல, பாதி விளங்கி பாதி விளங்காமல் பின்னேரம் வந்து சேர்ந்தாள். ஓட்டோக் காசையும் அன்றைக்குப் போன பேரையும், அதாவது நாட்சம்பளத்தையும், கூட்டிப் பார்த்தால் இலவச வைத்தியத்துக்கு இரண்டு நாள் சம்பளம் போயிருக்கிறது.

எங்கள் தோட்டத்திலும் டிஸ்பென்சரி இருக்கிறது, கட்டடம் இருக்கிறது என்று சொன்னால் இன்னும் சரி. தோட்ட வைத்திய உதவியாளர் வரும் நாளில் பனடோல் கிடைக்கும். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தோட்டத்தின் மூன்று பிரிவுக்கும் (டிவிஷன்) அவர் ஒருவர்தான். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பது சுகாதார அமைச்சு இல்லை, கம்பனி. எல்லாச் சிக்கலுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

1912 இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் தோட்டத்து ஆட்களின் வைத்தியத்தைத் துரைமார் தலையில் கட்டியது. சரி, அது அந்தக் காலம். 1948 இல் சுதந்திரம் வந்தது, கூடவே எங்கள் ஆட்களின் குடியுரிமையும் போனது, அதனால் நாடெங்கும் இலவச வைத்தியம் வளர்ந்தபோது எங்களுக்காகக் கேட்க ஓட்டு இல்லை. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அப்போதாவது டிஸ்பென்சரி சுகாதார அமைச்சுக்குப் போயிருக்க வேண்டாமா? 1992 இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். அப்புறம் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பெடுக்கிறது என்றார்கள், சிலதை எடுத்தார்கள், மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் எங்கள் ஃபைல் மட்டும் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகிறது.

இதெல்லாம் பழங்கதை என்று யாராவது சொன்னால் 2016 இல் அரசாங்கமே எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பைப் பார்க்கட்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டில் 17 சதவீதம், தோட்டத்தில் 32 சதவீதம். ஆனால் வெளிநாட்டு மேடைகளில் நம் நாட்டின் சுகாதாரத்தைப் பெருமையாகச் சொல்லும்போது நாட்டுச் சராசரியைத்தான் சொல்கிறார்கள். அந்தச் சராசரியில் லயத்துப் பிள்ளை, தோட்டத்து வரிசை வீட்டுப் பிள்ளை, தெரியவே மாட்டாள்.

2022 பொருளாதார நெருக்கடியில் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே மருந்து இல்லாமல் போனபோது எங்கள் டிஸ்பென்சரி எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2024 இல் மாற்றம் வேண்டும் என்று லயத்திலும் ஓட்டுப் போட்டோம். இப்போது ஆளும் தேசிய மக்கள் சக்தி அதற்கு முந்தைய வருடமே ஹட்டனுக்கு வந்து மலையக மக்களுக்காகப் பிரகடனம் வெளியிட்டிருந்தது. இப்போது பாராளுமன்றத்தில் 159 ஆசனம் வைத்திருக்கிறார்கள், பெரும்பான்மை இல்லை என்று சாக்குச் சொல்ல வழியில்லை. மாகாண சபையிடம் போய்க் கேளுங்கள் என்றும் சொல்ல முடியாது, மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 இல். ஆகவே கொழும்புதான் பதில் சொல்ல வேண்டும்.

நாங்கள் கேட்பது பெரிய ஆஸ்பத்திரி இல்லை, அதற்கு டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரி இருக்கிறது, 2017 இல் மோடி வந்து திறந்தார். மிச்சமுள்ள டிஸ்பென்சரிகளை எந்த வருடத்துக்குள் சுகாதார அமைச்சு எடுக்கும் என்று திகதியோடு சொல்லட்டும். தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர்களை (மருத்துவிச்சிகளை) லயத்துக்கு அனுப்பட்டும், எங்கள் பிள்ளைகளில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களையே பயிற்சி கொடுத்து எடுக்கலாமே. கிளினிக் போன நாளுக்குப் பேர் வெட்டக்கூடாது. வரவு செலவுத் திட்டத்தில் தோட்டச் சுகாதாரத்துக்கு எவ்வளவு என்பதைத் தனிவரியாகப் போடட்டும். இப்போது அது எந்த வரிக்குள் கிடக்கிறது என்று தேடித் தேடிக் களைத்துவிட்டேன்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்கிறேன். அரசு எடுத்த தோட்ட ஆஸ்பத்திரிகள் எவை, எடுக்காதவை எவை என்ற பட்டியலைச் சுகாதார அமைச்சிடம் கேட்டு வாங்கி, தோட்டத்தின் பெயரோடு ஒருநாள் போடுங்கள். தகவல் அறியும் சட்டம் 2016 முதல் இருக்கிறதுதானே.

இப்படிக்கு,
டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகன்