160 ஏக்கர், 18 டாலர்

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்க அரசு குடியேறிகளுக்கு 160 ஏக்கரைச் சும்மா தூக்கிக் கொடுத்தது என்று எழுதியிருந்தாய். அந்தச் ‘சும்மா’தான் இடிக்கிறது.

1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ மனுப் போடலாம். மணமாகாத பெண்ணும் விதவையும்கூடப் போடலாம்; கணவனோடு வாழும் மனைவிக்கு வழியில்லை. மனுவுக்கு 10 டாலர், நில ஏஜெண்டுக்குக் கமிஷன் 2 டாலர். ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது பயிரிட்டு, இரண்டு சாட்சிகளைக் கூட்டிவந்து நிரூபித்து, இன்னும் 6 டாலர் கட்டினால் பட்டா.

அவ்வளவு நாள் பொறுக்காதவர் ஆறு மாதம் இருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் வீதம் 200 டாலர் கட்டி வாங்கிக்கொள்ளலாம். மரக் கம்பெனிகளும் மாட்டுப் பண்ணைக்காரர்களும் கூலியாட்கள் பெயரில் மனுப் போட்டு நிலம் சேர்க்க இது வசதியாகப் போயிற்று. சக்கரம் வைத்த ஒரே குடிசையை மனைக்கு மனை இழுத்துப்போய்க் காட்டுவார்கள். ‘12க்கு 14 வீடு’ என்று சாட்சி சத்தியம் செய்வான்; அடியா அங்குலமா என்று வாய் திறக்கமாட்டான்.

நல்ல இடமும் லேசில் அமையாது. ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர், ஒரு செக்‌ஷன்; அதில் கால் பங்குதான் இந்த 160. ரயில் பாதையின் இருபுறமும் ஒற்றைப்படை எண் செக்‌ஷன்கள் ரயில் கம்பெனிக்குப் போயின. அங்கே மிஞ்சிய இரட்டைப்படை செக்‌ஷன்களில், முன்னாள் படைவீரர் அல்லாதவருக்கு 1879 வரை 80 ஏக்கர்தான்.

நம் கண்ணுக்கு 160 ஏக்கர் மிராசுதார் சொத்து. ஆனால் அமெரிக்காவின் நடுவே வடக்கு தெற்காகப் போகும் 100ஆம் தீர்க்கரேகைக்கு மேற்கே பெரும்பகுதியில் வருஷ மழை 20 அங்குலத்தைத் தொடாது. மானாவாரிக்கும் மாடு மேய்க்கவும் அந்த நிலம் போதாது. பாசனம் செய்வதென்றால் ஒரு குடும்பத்தால் தாங்க முடியாது. கிழக்கத்தி ஈரமண்ணுக்குப் போட்ட கணக்கு அது. 1909இல்தான் வறண்ட நிலத்துக்கு 320 ஏக்கர் என்று மாற்றினார்கள். அதற்கு முன்பே, 1873இல், 40 ஏக்கரில் மரம் வளர்த்தால் 160 ஏக்கர் என்று ஒரு சட்டம். 1878இல் 40ஐ 10 ஆக்கி, 1891இல் சட்டத்தையே கைவிட்டார்கள். புல்வெளியில் மரம் ஏன் முளைக்கவில்லை என்று முதலிலேயே கேட்டிருக்கலாம்.

இன்னொன்று. முதல் மனுதாரராகச் சொல்லப்படும் டேனியல் ஃப்ரீமன் நிலம் பிடித்தது நெப்ராஸ்காவின் பியாட்ரிஸ் அருகே. அந்தப் பக்கத்து மண் ஓட்டோ-மிசௌரியா என்ற பூர்வகுடி மக்களுடையது. 1854 ஒப்பந்தத்தில் அமெரிக்க அரசுக்குக் கைமாறியது. உன் கட்டுரையில் அவர்கள் பெயரே இல்லை, சேர்த்துவிடு.

அன்புடன்,
அண்ணன்