கொட்டாய்த் தண்ணீரும் கார்பன் துணியும்

தர்மபுரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வம்,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. பொறுத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம் நல்லபடியாக முடிந்தது. நீ வரவில்லையா என்று பெரியப்பா மட்டுமே மூன்று முறை கேட்டார். ஓசூர் என்ன கடல் கடந்தா இருக்கிறது?

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. போன வெள்ளிக்கிழமை ஊர்ப் பெரியவர்கள் நால்வர் வீடு தேடி வந்து, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடைப் போர் தண்ணீரிலிருந்து நீக்கும் கருவி ஒன்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து தூக்கமில்லை.

சென்ற கோடையில் நீ கொடுத்தனுப்பிய கார்பன் துணித் துண்டுகளை வைத்து மாணவிகள் இருவரும் நானும் ஒரு சிறிய கலம் செய்தோம். உன் சூப்பர் கெபாசிட்டரில் நடப்பதுதான் இதிலும் நடக்கிறது. மின்சாரத்தைச் சேர்த்துவைக்க நீ அயனிகளை, அதாவது கரைந்த உப்பின் மின்னேற்றத் துகள்களை, துணியின் துளைகளுக்குள் குடியேற்றுகிறாய்; தண்ணீரைச் சுத்தமாக்க நான் குடியேற்றுகிறேன். 1.23 வோல்ட்டைத் தாண்டினால் தண்ணீரே பிரியத் தொடங்கும் என்பதால் 1.2க்கு மேல் போகவில்லை. இரண்டு டார்ச் செல்கள் கொடுக்கும் அழுத்தம்கூட இல்லை, அதில் உப்பு விலகுகிறது! ஓர் அணுவின் தடிமனே உள்ள கார்பன் ஏடான கிராபீனை ஒரு கிராம் எடுத்து ஒற்றை ஏடாக விரித்தால் 2,630 சதுர மீட்டர் என்று நீ வகுப்பில் சொன்னபோது, பக்கத்து பெஞ்சிலிருந்து "65 சென்ட்!" என்று ஒருவன் கத்தினானே, நினைவிருக்கிறதா? நம் துணி அந்த அளவுக்கு வராது. ஆனால் அதன் துளைகளுக்குள்ளும் ஒரு காடு விரிந்துதான் கிடக்கிறது.

சோடியம் ஃபுளோரைடைக் கரைத்து நாங்களே தயாரித்த தண்ணீரில் லிட்டருக்கு 3.4 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தது. மூன்று மணி நேரத்தில் ஒன்றுக்குக் கீழே இறங்கியது. பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். மறுநாள் அக்கா வீட்டு போர் தண்ணீரை ஊற்றினோம். அதிலும் 3.4 தான், ஆனால் 2.9க்குக் கீழே அசையவில்லை. அந்தத் தண்ணீரில் ஒரு ஃபுளோரைடுக்கு ஏறத்தாழ 50 குளோரைடு இருக்கிறது. போதாததற்கு, ஃபுளோரைடு தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளை இறுகப் போர்த்திக்கொள்ளும். சந்தை நாளில் பென்னாகரம் பஸ்ஸில் மூட்டையோடு ஏற நிற்கும் கிழவியைப் போல் அது வாசலிலேயே நின்றுவிட, கைவீசி வந்த குளோரைடெல்லாம் உள்ளே போய் இடம் பிடித்துக்கொண்டது.

துணி மட்டும் போதாது, ஃபுளோரைடைப் பிடித்து நிறுத்த ஏதாவது வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. அலுமினியம் ஹைட்ராக்சைடை நானோ அளவில் துணிமேல் படியவைத்தோம். மின்சாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கார்பன், ஃபுளோரைடைக் கவ்விக்கொள்வது அலுமினியம். போர் தண்ணீரிலேயே 1.2 வந்தது. நம் நாட்டுத் தரத்தின்படி 1க்குள் இருக்க வேண்டும்; வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை போகலாம். அன்று மாலை நான் யாரிடமும் பேசாமல் ரொம்ப நேரம் அந்தக் கலத்தின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மாணவி தன் ஊரில் போய்ச் சொல்லிவிட்டாள். ஜூனில் பள்ளி திறக்கும்முன் பள்ளிக்கூடத்தில் இதைப் பெரிதாகச் செய்து வைத்துத் தர வேண்டும், செலவை ஊர் பார்த்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் கேட்டார்கள்.

எப்படித் தருவேன்? பதினைந்தாவது முறை ஓட்டியபோது 1.9க்கு ஏறிவிட்டது. படிந்தது உதிர்கிறதா, நிறைந்துவிட்டதா, தெரியவில்லை. உதிர்ந்தால் அது பிள்ளைகளின் வயிற்றுக்குத்தான் போகும். அலுமினியம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். அதை நாங்கள் இன்னும் ஒரு முறைகூட அளக்கவில்லை. இன்னொரு கவலையும் உண்டு. மின்முனைகளின் நேர், எதிரை மாற்றித் துணியைக் கழுவும்போது பிடித்ததெல்லாம் ஒன்றாகத் திரண்டு வெளியே வரும். பத்துக் குடத்துக்கு மூன்று குடம் அப்படிப் போகிறது. அதை எங்கே ஊற்றுவது? கொட்டாய் ஓரத்தில் கொட்டினால் மழையோடு மழையாக அதே போருக்குத்தான் திரும்பும். முன்பு அதே ஊரில் ஒரு வடிகட்டி வைத்தார்களே, உள்ளே போட்டது நிறைந்துபோனது தெரியாமல், சுத்தமான தண்ணீர் என்று நம்பி எத்தனை மாதம் குடித்தார்கள்! அந்தப் பாவத்தை நானும் செய்ய மாட்டேன்.

இதையெல்லாம் சொன்னேன். அவர்கள் பேசாமல் எழுந்து போனார்கள். அக்காதான் வாசலில் நின்று கேட்டாள்: "நீ அளந்து முடிக்கிற வரைக்கும் பிள்ளைகள் எதைக் குடிப்பார்கள்?"

பதில் சொல்ல முடியவில்லை, செல்வம். 2013இல் ஒகேனக்கல் தண்ணீர் வந்ததும் ஊருக்குள் இருந்தவர்களுக்கு விடிந்தது. காட்டுக்குள் கொட்டாய் போட்டுத் தள்ளி இருப்பவர்களுக்கு இன்றும் போர்தான். களி கிண்டுவதும் அதில்தான். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் சுண்டும், ஃபுளோரைடு போகாது. இப்போதைக்கு ஒன்று செய்திருக்கிறேன். தம்பியின் மொபெட்டில் தினமும் ஊர்க் குழாயிலிருந்து நான்கு கேன் போகிறது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும். அது ஐந்து வீட்டுக்குத்தான் காணும்.

உன்னிடம் கேட்பது இதுதான். உன் ஆலையில் கழிக்கும் துணியில் இரண்டு மீட்டர் வேண்டும். பூச்சு உதிராமல் ஒட்டவைக்க நீங்கள் என்ன பசை சேர்க்கிறீர்கள் என்று விவரமாக எழுது, "பார்க்கலாம்" என்று ஒரு வரியில் முடித்துவிடாதே. அலுமினியத்துக்குப் பதில், மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கான பாலிபைரோலை முயலலாமா என்றும் யோசித்துச் சொல். அந்த வகைப் பிளாஸ்டிக்குக்காக ஹீகர், மெக்டயார்மிட், ஷிராகவா மூவரும் 2000இல் நோபல் வாங்கியதைப் பற்றிக் கரும்பலகை நிறைய எழுதி, மணி அடித்த பிறகும் எங்களை விடாமல் செமினார் எடுத்தவன் நீதானே. பாலிபைரோல் தன்னிடமுள்ள குளோரைடைக் கொடுத்து ஃபுளோரைடை வாங்கிக்கொள்ளும் என்கிறார்கள். குளோரைடு மிகுந்த நம் தண்ணீரில் அந்தப் பண்டமாற்று எவ்வளவு தூரம் நடக்கும் என்பதுதான் என் சந்தேகம்.

தேய்பிறை அஷ்டமிக்குத் தங்கையோடு அதியமான்கோட்டைக்கு வருவதாகச் சொன்னாயாமே. துணியை அப்போதே எடுத்துவா. கோயிலிலிருந்து நேராக அக்கா கொட்டாய்க்குப் போவோம். அவள் பேத்திக்கு எட்டு வயது. ஃபுளோரைடால் முன்பல்லில் பழுப்பு இறங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். வெற்றிலையைத் தொட்டே பார்க்காத உன் பல்லின் பழுப்பைப் பார்த்து விடுதிக் காப்பாளர் சட்டைப் பையைச் சோதித்த கதையை நீயே அவளுக்குச் சொல். நான்கு ஆண்டும் உன்னை 'வெற்றிலை' என்றே கூப்பிட்டோம் என்பதையும் சொல்.

உன்,
மணி