பருவ நிறைவும், வனப் பயணம் பற்றிய ஒரு வேண்டுகோளும்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்தப் பருவமும் நல்லபடியாக நிறைவடைந்தது. தேர்வு, விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி என எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஆர்வத்தோடு கலந்துகொண்டார்கள். பரிசு பெற்ற அனைவருக்கும் வாழ்த்துகள்.

அப்புறம், ஏழாம் வகுப்பினர் ஆற்று மலையிடுக்கு வனக் காப்பகத்துக்குச் சென்றுவந்தது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பயணத்தில் பிள்ளைகள் நிறையக் கற்றார்கள். கரையோரக் கல் ஒன்றை ஆசிரியர் மெதுவாகத் திருப்ப, அதன் அடியில் ஒட்டியிருந்த தட்டானின் இளம்புழுவை முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள். பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே வைக்கச் சொன்னதும் அவர்கள்தான். பெரணி இலையின் பின்புறம் வரிசைகட்டியிருந்த பழுப்புப் புள்ளிகள் பூச்சி முட்டைகள் அல்ல, வித்துத்தூள் (ஸ்போர்) கூடுகள் என்றும் தெரிந்துகொண்டார்கள்.

பெற்றோர் சிலர் சொந்த வாகனங்களில் பின்னாலேயே வந்திருந்தீர்கள். பிள்ளையோடு இருக்க ஆசைப்படுவது இயல்புதான், அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் வரிசையில் நடந்துகொண்டிருந்த பிள்ளைகளைத் தடுப்புக்கு அப்பால் அழைத்துப்போய், ஆற்றின் நடுப்பாறையில் நிறுத்திப் படம் எடுத்தது சரியல்ல. தலை எண்ணியபோது கணக்கு இடித்தது, ஆசிரியர்கள் பதறிப்போனார்கள்.

தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும், மேல்மலையில் பெய்த மழை மலையிடுக்கில் திடீரென்று வந்து இறங்கும். இருபுறமும் பாறைச் சுவர் என்பதால் தண்ணீர் பரவ இடமிருக்காது, மட்டம் மளமளவென்று ஏறிவிடும். தெளிந்த நீர் கலங்கும், சருகும் குச்சியும் மிதந்து வரும், இரைச்சல் கூடும். படம் எடுப்பதிலேயே கண்ணாக இருப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. வேகமாக ஓடும் நீர் முழங்கால் அளவு வந்தாலே பெரியவர்களையும் சாய்த்துவிடும். பாசி படிந்த பாறையில் பிள்ளைகளின் கால் எப்படி நிற்கும்?

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். அடுத்த பருவத்தில் எட்டாம் வகுப்பினர் பயணம் செல்லும்போது, முன்கூட்டியே பெயர் கொடுத்த பெற்றோர் மட்டுமே உடன் வரலாம். சொந்தப் பிள்ளையே ஆனாலும், பொறுப்பாசிரியரிடம் சொல்லாமல் வரிசையிலிருந்து அழைத்துப் போகக் கூடாது. மீறினால் பயணத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அனைவரையும் திருப்பி அழைத்து வந்துவிடுவோம்.

படங்களை ஆசிரியர்களே எடுத்து உங்களுக்கு அனுப்புவார்கள். அன்று கடைசிவரை வரிசையின் பின்னால் நடந்துவந்து, வழியில் யாரோ வீசிய நெகிழிப் பைகளையும் பொறுக்கிக்கொண்டு வந்த பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி. அடுத்த பயணத்துக்கும் நீங்கள் பெயர் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்