வாட்வில் நைட் 'ஜட்ஜ் சீட்' டிக்கெட்: பணமும் வரல, பதிலும் வரல

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு வணக்கம். உங்க பேரை கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க, அதனால இப்படியே ஆரம்பிக்கிறேன்.

போன மாசம் உங்க கம்பெனி நியூ ஜெர்சில நடத்தின வாட்வில் நைட்டுக்கு (அந்த கால அமெரிக்கால பாட்டு, வித்தை, காமெடின்னு தனித்தனி ஐட்டமா ஒண்ணு பின்னாடி ஒண்ணு நடந்த ஷோ மாதிரி) நானும் என் மனைவியும் ஜட்ஜ் சீட் வாங்கியிருந்தோம். சாதா சீட் 40 டாலர், ஜட்ஜ் சீட் 85. கூட குடுத்த அந்த 45 டாலர் எதுக்குன்னு நான் உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, வித்தது நீங்கதான். நூறு வருஷம் முன்னாடி தியேட்டர் மேனேஜருங்க செஞ்ச மாதிரி பில்லுல, அதாவது அன்னிக்கு ஐட்டம் வரிசைல, இருக்குற ஒம்பது ஐட்டத்தையும் பாத்து ரிப்போர்ட் எழுதலாம், அதை வெச்சுதான் பரிசுன்னு போஸ்டர்லயே போட்டிருந்தீங்க. நம்ம தமிழ் ஆளுங்க இந்த ஊர் சரித்திரத்தை மதிச்சு இப்படி ஒண்ணு செய்றாங்களேன்னு சந்தோஷப்பட்டு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். நடந்தது வேற.

முதல்ல உங்க போன் ஆளு விஷயம். ஏன்னா இன்னிக்கு வரைக்கும் அதுதான் மனசை அறுக்குது. ஐட்டம் வரிசை மாறிப்போனதால மார்க்கே தப்பாயிடுச்சுன்னு நான் பொறுமையா சொல்லிட்டு இருக்கேன், அந்த தம்பி நடுவுல வெட்டி "அங்கிள், நாலு பேர் ஆடினாங்க பாடினாங்க, பாத்துட்டு போக வேண்டியதுதானே, பரீட்சை பேப்பர் திருத்தவா வந்தீங்க"ன்னு கேட்டாரு. ஆமா தம்பி, அதுக்குத்தான் வந்தேன், அதுக்குத்தான் உங்க கம்பெனி என்கிட்ட காசு வாங்குச்சு! நான் பதில் சொல்றதுக்குள்ள ஹோல்டுல போட்டாரு, பாட்டு ஓடுச்சு, கட் ஆயிடுச்சு. திரும்ப கூப்பிட்டா அதே ஆளு, "நீங்களேதானா"ன்னு ஒரு சிரிப்பு. அந்த கால் ரெக்கார்ட் உங்ககிட்ட இருக்கும், நீங்களே கேட்டுப் பாருங்க. என் அப்பா வயசு ஆளுகிட்ட நான் இப்படி பேசினதே கிடையாது.

வரிசை மாறினா என்ன போச்சுன்னு உங்க ஆளுங்க எல்லாரும் கேக்குறாங்க. வாட்வில் ஷோ நடத்துற கம்பெனிக்கு இது தெரியாம இருக்காதுன்னு நினைச்சேன். நியூயார்க்ல பேலஸ் தியேட்டர் 1913 மார்ச் 24ல திறந்தது, மார்ட்டின் பெக் கட்டினது, கீத்-ஆல்பிங்கிற வாட்வில் தியேட்டர் கம்பெனி கைக்கு போனது. அங்க பில் போட்ட ஜார்ஜ் காட்லீப் ஒம்பது இடத்துக்கும் காரணம் சொல்லியிருக்காரு. ஒண்ணாவது இடத்துல பேச்சே இல்லாத ஐட்டம், வித்தையோ மிருகங்களோ, ஏன்னா ஜனங்க அப்பதான் சீட் தேடி உக்காந்துட்டு இருப்பாங்க, பேசினா காதுல விழாது. ரெண்டாவது பெரும்பாலும் ஆணும் பெண்ணுமா பாட்டு. மூணாவது சின்ன நாடகம், கூட்டம் நிமிந்து உக்காரணும். நாலாவதுல கூட்டத்தை அசத்துற முதல் ஐட்டம், அஞ்சாவதுல அதை விட பெருசா ஒண்ணு, அப்புறம் இன்டர்வல், வெளிய போனவங்க அந்த ஐட்டத்தை பத்தியே பேசிட்டு நிக்கணும். அதுக்கப்புறம் ஆறும் ஏழும் விட்ட இடத்துலருந்து மறுபடி ஏத்திக்கிட்டு போகும். எட்டாவது இடம்தான் ராஜா இடம், ஊரே யாருக்காக டிக்கெட் வாங்குச்சோ அவங்களுக்கு, நிறைய நேரம் தனியா நின்னு சிரிக்க வைக்குற ஆளுக்கு. ஒம்பதாவது கண்ணுக்கு பளிச்சுன்னு ஒண்ணு, ஏன்னா பாதி பேர் கோட்டை மாட்டிக்கிட்டு கிளம்பியிருப்பாங்க. ஆக ஒரு ஐட்டத்தை ஜட்ஜ் பண்றதுன்னா அந்த இடத்துல அது அதோட வேலையை செஞ்சுதான்னு பாக்குறது. கச்சேரில வர்ணத்துக்கு முன்னாடி தனி ஆவர்த்தனத்தை வைங்கன்னா எந்த மிருதங்கக்காரர் ஒத்துப்பாரு?

நீங்க என்ன செஞ்சீங்க? காமெடியனை ஒண்ணாவதா ஏத்தினீங்க. நான் பி வரிசைல இருந்தேன், எனக்கே அவர் பேசினது பாதி கேக்கல. பின்னாடி "இது ஜி வரிசையா"ன்னு ஒருத்தர், போன் டார்ச் அடிச்சு சீட் நம்பர் தேடுறாங்க, சமோசா கவர் சரசரன்னு பிரிக்குற சத்தம். அவரோட முதல் ஜோக்கோட கடைசி வரி வர்ற நேரத்துல ஒரு குடும்பமே எங்க வரிசைக்குள்ள நுழைஞ்சுது, நாங்க எல்லாரும் எழுந்து நின்னு வழி விட்டோம். அவர் அரை செகண்ட் நிறுத்திப் பாத்தாரு, சிரிப்பு வரல, நெத்தியை துடைச்சுட்டு அடுத்ததுக்கு போனாரு. நல்ல திறமைசாலி அந்த மனுஷன். அவருக்கு கடைசி ரேங்க்குக்கு ஒண்ணு முன்னாடி.

கடைசி ரேங்க் யாருக்குன்னா பந்து வீசி வித்தை காட்டின அந்த பொண்ணுக்கு. அது ஒரு வார்த்தை பேசல, மொத்தம் எட்டு நிமிஷம், ஒரு பந்து கூட கீழ விழல, முதல்ல வந்திருந்தா ஹாலே அடங்கி உக்காந்திருக்கும். நீங்க எட்டாவதா போட்டீங்க. அதுக்கு முன்னாடி ஒம்பதாவது ஐட்டத்தோட ரிங்குக்கு கம்பி கட்டுறோம்னு ஸ்டேஜை இருட்டாக்கிட்டு ஜனங்களை சும்மா உக்கார வெச்சீங்க, குழந்தைங்க அழ ஆரம்பிச்சுடுச்சு. 'இன் ஒன்'னா என்னன்னு உங்க ஸ்டேஜ் மேனேஜருக்கு தெரியுமா தெரியாதா? முன் திரையை இறக்கி அதுக்கு முன்னாடி இருக்குற கொஞ்ச இடத்துல ஒருத்தர் பேசியோ பாடியோ சமாளிப்பாரு, பின்னாடி அடுத்த செட்டை ஏத்துவாங்க, ஷோ நிக்கவே நிக்காது. பில் போடும்போது பெரிய ஸ்டேஜ் ஐட்டத்தையும் இன் ஒன் ஐட்டத்தையும் மாத்தி மாத்தி வெச்சது அதுக்காகத்தான். அந்த காமெடியனை மட்டும் அங்க வெச்சிருந்தா ரெண்டு பேருமே தப்பிச்சிருப்பாங்க. அந்த பொண்ணு பின் வாசல்ல கண்ணை துடைச்சுக்கிட்டு நின்னதை என் மனைவி பாத்தா. அந்த மார்க்குல என் கையெழுத்தும் இருக்குன்னு நினைச்சா சாப்பாடு இறங்கல. உண்மையா சொல்றேன்.

இன்டர்வல்ல உங்க ஃப்ளோர் ஆளுகிட்ட போய் சொன்னேன், இன்னும் நேரம் இருக்கு, மிச்ச ஐட்டத்தையாவது மாத்தி போடுங்கன்னு. அந்த காலத்துல திங்கக்கிழமை முதல் காட்சி முடிஞ்சதும் மேனேஜர் அதைத்தான் செய்வாரு, எடுபடாத ஐட்டத்தை வேற இடத்துக்கு மாத்திப் பாப்பாரு. உங்க ஆளு "ப்ரிண்ட் ஆயிடுச்சு சார்"னாரு. என்ன ப்ரிண்ட்? ஸ்டேஜ் ஓரத்துல ஸ்டாண்டுல ஐட்டம் பேரை அட்டைல எழுதி வெப்பாங்க, அந்த அட்டையை மாத்தினா முடிஞ்சுது. நீங்களும் அழகா ஸ்டாண்ட் வெச்சிருந்தீங்களே, அட்டைதானே!

ரிப்போர்ட் ஷீட் தர்றேன்னு சொன்னதும் தரல. கீத் தியேட்டர் மேனேஜருங்க எழுதின ரிப்போர்ட் புத்தகம் 1902லருந்து 1923 வரைக்கும் அயோவா யூனிவர்சிட்டில பத்திரமா இருக்கு. ஒவ்வொரு ஐட்டமும் எத்தனை நிமிஷம், ஸ்டேஜ்ல எவ்வளவு இடம், கூட்டம் எப்படி எடுத்துக்கிச்சு, எந்த வசனத்தை வெட்ட சொன்னேன், எல்லாம் இருக்கும், அதைத்தான் தலைமை ஆபீஸுக்கு அனுப்பினாங்க. 1905ல ஆரம்பிச்ச வெரைட்டி பத்திரிகையும் புது ஐட்டம்னா நிமிஷத்தையும் 'ஒன்'னா முழு ஸ்டேஜான்னும் தலைப்புலயே போட்டுடும். நீங்க குடுத்தது ஒரு ஆப், அஞ்சு ஸ்டார், ஒரு சிவப்பு பஸ்ஸர். வாட்வில்ல ஏது பஸ்ஸர்? சரியா பண்ணாதவங்களை ஸ்டேஜ்லருந்து கொக்கி போட்டு இழுத்தது கூட நியூயார்க் பவுரி ஏரியால மைனர்ஸ் தியேட்டர் மாதிரி இடத்துல அமெச்சூர் நைட்டுக்கு, சம்பளம் வாங்குற கலைஞனுக்கு இல்ல. ஒரு அம்மா கை மறந்து அழுத்தி அழுத்தி பாடகர் பாடும்போதெல்லாம் பீப் பீப்புன்னு கத்துச்சு. அதுக்கு மேல, ஒம்பதாவது ஐட்டம் நடந்துட்டு இருக்கும்போதே ஓட்டிங் மூடிட்டீங்க. ரிங்குல தொங்கிக்கிட்டு உயிரை குடுத்து பண்ணிட்டு இருக்காங்க ரெண்டு பேர், அவங்களுக்கு யாருமே மார்க் போட முடியல, பரிசையும் அறிவிச்சுட்டீங்க. இதுக்கு பேரு மோசடி. வார்த்தை கொஞ்சம் கடுமைதான், மன்னிக்கணும், ஆனா வேற வார்த்தை இல்ல.

ரீஃபண்ட் கதைக்கு வர்றேன். சாட்ல கேட்டா மெயில் பண்ணுங்க, மெயில் பண்ணா டிக்கெட் நம்பர் இல்ல, நம்பர் குடுத்தா ஆப் வேற வெண்டரோடது, வெண்டரை கேட்டா ஆர்கனைசரை கேளுங்க. எத்தனை தடவைன்னு கணக்கே விட்டுப்போச்சு. கடைசில ஒரு அம்மா மட்டும் மரியாதையா பேசினாங்க, அவங்களுக்கு நன்றி, நியூவார்க் ஆபீஸுக்கு நேர்ல வாங்க செக் ரெடியா இருக்கும்னாங்க. அரை நாள் லீவு போட்டுட்டு மழையில வண்டி ஓட்டிட்டு போனேன். கதவு பூட்டியிருக்கு, வாசல்ல ஒரு பேப்பர் கூட இல்ல. கீழ கடைக்காரர் "அவங்க வாரத்துல ரெண்டு நாள்தான் வருவாங்க"ன்னாரு. இதே நியூவார்க்ல பிராக்டர்ங்கிற வாட்வில் தியேட்டர் முதலாளி 1915ல ஒரு தியேட்டருக்கு மேல இன்னொரு தியேட்டர்னு ரெண்டு கட்டி நடத்தினாரு, உங்களால ஒரு ஆபீஸை திறந்து வைக்க முடியல. பார்க்கிங்குக்கு வேற தண்டம். அங்கருந்தே போன் போட்டா யார் எடுத்தாங்க? அதே தம்பி. அடுத்த லைட் மியூசிக் ஷோவுக்கு கூப்பன் தர்றேன், வேணும்னா வாங்கிக்கங்கன்னாரு. எனக்கு உங்க கூப்பன் வேண்டாம்.

இந்த ஒரு ராத்திரிக்காக எத்தனை நாள் பழைய பில்லெல்லாம் தேடிப் படிச்சேன், எத்தனை பேர்கிட்ட பெருமையா சொன்னேன். எல்லாம் நாசம், இனிமே எந்த ஷோவுக்கும் நிம்மதியா டிக்கெட் வாங்க முடியாத மாதிரி பண்ணிட்டீங்க. உங்க கம்பெனி நல்லா வரணும்னுதான் இப்பவும் நினைக்கிறேன், இப்படி ஒரு ஐடியா வேற யாருக்கும் வரல. அதனாலதான் நேரா உங்களுக்கே எழுதுறேன்.

ரெண்டு டிக்கெட்டுக்கும் முழு 170 டாலர், பார்க்கிங் செலவு, அந்த தம்பிகிட்டருந்து எழுத்துல மன்னிப்பு, இது எனக்கு. வித்தை காட்டின பொண்ணுக்கும், அந்த காமெடியனுக்கும், ரிங் ஐட்டம் பண்ண ரெண்டு பேருக்கும் அன்னிக்கு மார்க் செல்லாதுன்னு உங்க பேஜ்ல போடணும், இதை நான் விட மாட்டேன், பணத்தை விட இதுதான் முக்கியம். வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். இல்லன்னா கிரெடிட் கார்டு பேங்க்ல டிஸ்ப்யூட் போடுறேன், ஸ்டேட்மென்ட் வந்து 60 நாள் டைம் இருக்கு, இன்னும் தாண்டல. நியூ ஜெர்சி கன்ஸ்யூமர் அஃபேர்ஸ்லயும் கம்ப்ளைன்ட் போகும், உங்க போஸ்டர், ஆப் ஸ்க்ரீன்ஷாட், பூட்டின கதவு போட்டோ எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். தயவு செஞ்சு அது வரைக்கும் கொண்டு போயிடாதீங்க.

புக்கிங் நம்பர் மெயில் சப்ஜெக்ட்லயே இருக்கு. திரும்ப கேட்டு மெயில் அனுப்பாதீங்க.

இப்படிக்கு,
ஜட்ஜ் சீட், பி வரிசை